விடு என்றது யார்?

"கண்ணை நோண்டிருவேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"சகலைகிட்டதான். வேற யார் கண்ணை நோண்ட எனக்கு உரிமை இருக்கு?"

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரிக்கவில்லை. ஒரு கம்பெனியின் விற்பனை மேலாளர். சட்டை கசங்கியிருந்தது. பெல்ட்டை வாங்கி வைத்திருந்ததால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

இந்தப் பக்கம் நின்றவரைத் தராசு என்பார்கள். எடை போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார் என்பதால் வந்த பெயர். துப்பறிவது தொழில். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி. மச்சான் என்பது உறவு. அலுவலகத்தில் அவன் பதவியும் அதுதான்.

"எப்ப சொன்னீங்க?" என்றார் தராசு.

"மாமனார் வீட்டு மாடி யாருக்குன்னு பேச்சு வந்தப்ப. அவரும் சும்மா இல்ல. என் நாக்கை அறுப்பேன்னார். நாக்கு இருக்கா இல்லையா?"

"நாக்கு இருக்கு. அவருக்குத்தான் ஒரு கண்ணு இல்ல," என்றான் மச்சான்.

தராசு மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடும் மைதானம் ஒன்று. கம்பெனிகள் தங்கள் ஆட்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஒரு நாள் கொண்டாடிவிட்டுப் போகும். சுடும் கோட்டுக்கு முன்னால் ஒரு பள்ளத்து அறை. அதிலிருந்து இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறியும். சுடுபவர் ‘விடு’ என்று சொன்னால் தட்டு பறக்கும். அதைச் சுட்டு உடைக்க வேண்டும். அன்று மேலாளர் சுட்ட நேரத்தில் கோட்டுக்கு முன்னால் ஒரு புதரிலிருந்து ஆள் எழுந்தார். மேலாளரின் சகலை. மனைவியின் அக்காள் கணவர். விருந்தாளியாக வந்தவர். துப்பாக்கி ரவை முகத்தில் பட்டு வலது கண் போனது.

"முன்னாடி எதுக்குப் போனார்?"

"என்னை வீடியோ எடுக்க. எதிர்ல இருந்து எடுத்தா நல்லா வரும்னு காலையிலயே சொல்லிட்டிருந்தார். நான் கண்டுக்கல. போனது எனக்குத் தெரியாது."

"சண்டைக்காரர் உங்களை எதுக்கு வீடியோ எடுக்கணும்?"

"சண்டை மாடிக்கு. அதுக்காக எடுக்க மாட்டாரா?"

தராசு கம்பிக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"நீங்க ‘விடு’ன்னு சொன்னீங்களா?"

"சொல்லல. துப்பாக்கி தோள்ல இருந்துச்சு. சொல்ல வாயைத் திறக்கப் போறேன். தட்டு பறந்துடுச்சு. கண்ணு அது பின்னாடியே போச்சு. விரல் அழுத்திடுச்சு."

"சொல்லாம தட்டு எப்படி வரும்?"

"அதைத்தான் நான் எல்லாரையும் கேக்கறேன். எல்லாரும் ‘நீ சொன்னே’ங்கறாங்க." அவர் கம்பியில் நெற்றியை வைத்தார். "நீங்க அந்த மைதானத்து அம்மாவோட ஆளு. உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

"கூப்பிட்டது அவங்க வக்கீல். கேள்வி என்னோடது," என்றார் தராசு.

காரில் ஏறியதும் மச்சான் சொன்னான்:

"பாவமா இருக்கு அத்தான்."

"கம்பிக்குப் பின்னாடி நின்னா நீயும் பாவமாத்தான் இருப்பே."

"கண்ணை நோண்டற கதையைத் தோண்டி எடுத்து இன்ஸ்பெக்டர்கிட்ட குடுத்தது நாமதானே?"

"நாமதான்."

"பிரமாதமான வேலைன்னு அன்னைக்கு முதுகுல தட்டினீங்க."

"பிரமாதமாத்தான் செஞ்சோம். அதான் உறுத்துது. சாட்சிங்க எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்றாங்க. ‘அவர் சொன்னார், தட்டு பறந்துச்சு, சுட்டார்.’ ஒருத்தர் கூட ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல. கல்யாண வீட்டுல சாப்பிட்டவங்களைக் கேட்டா கூட ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க."

மச்சான் யோசித்தான். "சொல்லிக் குடுத்திருப்பாங்களா?"

"தெரியல. வண்டியை எடு."

மைதானத்தில் அலுவலகம் என்பது தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் கண்ணாடி அலமாரி, உள்ளே பூட்டிய துப்பாக்கிகள். வாசலில் ஒரு பலகை: கோட்டைத் தாண்டக் கூடாது. காது மூடி கட்டாயம். தயாரானதும் ‘விடு’ என்று உரக்கச் சொல்லவும். கொடி ஏறினால் துப்பாக்கியைக் கீழே வைக்கவும்.

மைதானம் நடத்துகிற அம்மாளை எல்லாரும் அக்கா என்றார்கள், வயதில் மூத்தவர்கள் உட்பட. உயரமானவர். நின்றுகொண்டே பேசுவார். வக்கீல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போனீங்களாமே," என்றார் அக்கா. "எதுக்கு?"

"பார்க்கலாம்னு."

"பார்க்க என்ன இருக்கு? சொல்லித்தான் சுட்டார். எல்லாரும் கேட்டாங்க."

அதே வாக்கியம். மச்சான் தொண்டையைச் செருமினான்.

"விஷயம் இதுதான்," என்றார் வக்கீல் சுளையைப் பிரித்தபடி. "வேணும்னே சுட்டிருந்தா அது குற்றம். அவன் தலையோட போச்சு. விருந்துக்கு வந்தவன் இன்னொரு விருந்தாளியைக் குத்தினா, வீட்டுக்காரரையா தூக்குல போடுவாங்க? ஆனா நடத்தினவங்க அலட்சியத்தால நடந்ததுன்னு ஆச்சுன்னா, எல்லாம் நம்ம தலையில. நஷ்டஈட்டுக்கு மைதானம் போகும். ஜெயில் கூட வரலாம்."

"எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினீங்களே சார்? என்ன ஆனாலும் என் பொறுப்புன்னு?" என்றான் மச்சான்.

"அது விளையாட்டுல உள்ள ஆபத்துக்கு. தோள் வலிக்கும், காது இரையும், அந்த மாதிரி. எங்க அலட்சியத்துக்கு நீங்க முன்கூட்டியே சம்மதிக்க முடியாது. எழுதிக் குடுத்தாலும் செல்லாது. அதுவும் இவர் சுட வந்தவர் இல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்."

"அப்ப அந்தக் கையெழுத்தை எதுக்கு வாங்கறீங்க?"

"கேஸ் போடலாம்னு கிளம்பறவங்கள்ல பாதிப் பேர் அதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க."

வக்கீல் ஒரு சுளையை மச்சானுக்கு நீட்டினார். மச்சான் வாங்கிக்கொண்டான்.

"சாப்பிட்டதுக்குக் கையெழுத்து போடணுமா சார்?"

அக்கா சிரிக்கவில்லை. "இன்னும் என்ன பார்க்கணும் உங்களுக்கு?"

"கோட்டைப் பார்க்கணும்," என்றார் தராசு.

வெயில் தணிந்திருந்தது. புல்லில் உடைந்த தட்டுகளின் செம்மண் துண்டுகள் கிடந்தன. சுடும் இடத்தில் தரையில் வெள்ளைக் கோடு. தராசு ஓர் ஆணியில் தொங்கிய காது மூடியை எடுத்து மச்சானின் தலையில் மாட்டினார். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஏதோ சொன்னார்.

மச்சான் திரும்பினான். ஒரு மூடியைத் தூக்கினான். "என்ன?"

"உன்னை வேலைக்கு வச்சதுக்கு உன் அக்காதான் காரணம்னேன்."

"அது ஊருக்கே தெரியும். ஆனா எனக்குக் கேக்கல."

"சத்தமாத்தான் சொன்னேன். அன்னைக்கு இங்க நின்ன எல்லார் தலையிலயும் இது இருந்துச்சு. அப்ப ‘விடு’ எல்லாருக்கும் எப்படிக் கேட்டுச்சு?"

மச்சான் காது மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான்.

"தட்டு பறந்துச்சு," என்றான் மெதுவாக. "சொன்னாத்தானே பறக்கும். அதனால சொல்லியிருப்பார்னு..."

"சொல்லிக் குடுக்க ஆளே வேண்டாம். அவங்களே கேட்டுக்கிட்டாங்க. காதால இல்ல, கண்ணால."

அக்காவின் தம்பி அலுவலகத்திலிருந்து வந்தார். காதோரம் நரைத்தவர். கையில் சுருட்டிய சிவப்புக் கொடி, இடுப்பில் வாக்கி டாக்கி. கோட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"நீங்க எங்க நிப்பீங்க?" என்றார் தராசு.

"சுடறவருக்குப் பின்னாடி. ஒரு காதைத் திறந்து வச்சிருப்பேன். அவர் ‘விடு’ன்னா நான் இதுல சொல்வேன். பள்ளத்துல சித்தப்பா இருக்கார். அவர் மிதியை அமுக்குவார்."

"அன்னைக்கு?"

"அவர் ‘விடு’ன்னார். நான் சொன்னேன். சித்தப்பா விட்டார்."

"முன்னாடி ஆள் இருந்ததைப் பார்க்கலையா?"

"புதர் மறைச்சுது. சுடறவர் நின்ன இடத்துல இருந்துதான் தெரியும்." தம்பி தரையைப் பார்த்துச் சொன்னார். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல் இருந்தது.

அலுவலகத்துப் பணியாள் தேநீர் கொண்டுவந்தாள். தட்டில் ஒரு குவளை நிரம்பியபடி ஆறிப்போயிருந்தது.

"இது?" என்றார் தராசு.

"சித்தப்பாவுக்கு அனுப்பினது," என்றார் தம்பி. "நான் அனுப்பினா குடிக்க மாட்டேங்கறார். என்கிட்ட பேசறதும் இல்ல. அன்னையில இருந்து."

"ஏன்?"

"அதிர்ச்சியா இருக்கும். வயசானவர்."

அவர் போன பிறகு தராசு மச்சானைப் புதருக்கு அனுப்பினார். மச்சான் குந்தினான். எழுந்தான். மறுபடி குந்தினான். தராசு முதலில் மேலாளர் நின்ற இடத்தில் நின்று பார்த்தார். பள்ளத்து அறையின் கூரை விளிம்பு பாதிப் புதரை மறைத்தது. பின்னால் போய், சற்று மேடாக இருந்த தம்பி நிற்கும் இடத்தில் நின்றார்.

"தெரியறேனா?" என்று மச்சான் கத்தினான்.

"அழகா இல்ல. ஆனா நல்லா தெரியறே."

மச்சான் முட்டியைத் தட்டிக்கொண்டு வந்தான். "தம்பி தலைகீழாச் சொல்றார் அத்தான். சுட்டவருக்குத்தான் மறைக்குது. இவருக்குப் பளிச்சுனு தெரியுது. பார்த்துக்கிட்டேதான் ‘விடு’ சொன்னாரா?"

"பார்க்கறதுக்கு அப்படித்தான் இருக்கு."

"சொல்றதுக்கும் அப்படித்தான் இருக்கே?"

தராசு பள்ளத்து அறையை நோக்கி நடந்தார்.

உள்ளே நான்கு படி இறங்க வேண்டும். கிரீஸ் வாசனை. தட்டுகள் அடுக்கிய இயந்திரம், தரையில் ஒரு மிதி. வெளியைக் காட்டும் ஒரு நீள் துவாரம். அதில் வானம் மட்டும் தெரிந்தது. இந்தக் குழிக்குள் சித்தப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். காதில் மாட்டும் கருவி கழுத்தில் தொங்கியது. அதன் வயர் சுவரில் இருந்த வாக்கி டாக்கிக்குப் போனது.

"வணக்கம் சித்தப்பா," என்றான் மச்சான்.

"யாருக்குச் சித்தப்பா?"

"மன்னிச்சுக்குங்க பெரியவரே."

"பெரியவரா? அதுக்குச் சித்தப்பாவே இருந்துட்டுப் போறேன். உக்காருங்க."

உட்கார எதுவும் இல்லை. நின்றார்கள்.

"தம்பிகூட ஏன் பேசறதில்ல?" என்றார் தராசு.

கிழவரின் முகம் இறுகியது. "அவனா சொன்னான்? வெக்கமில்லாம அதையும் சொல்றானா? மரியாதை போன இடத்துல எனக்கென்ன பேச்சு?"

"என்ன சொல்லிட்டார்?"

"‘விடு’ன்னான்."

மச்சான் தராசைப் பார்த்தான். "அதானே சித்தப்பா இங்க சொல்ற வார்த்தை? வாசல்ல பலகையே வச்சிருக்காங்க."

"அது சுடறவனுக்கு. அவன் தட்டைப் பார்த்துச் சொல்றான். என் காதுக்கு வர்றது இவன் பேச்சு. நான் இவங்க அப்பாவோட ஒண்ணுவிட்ட தம்பி. இந்தக் குழிக்குள்ள உக்காந்த நாள்ல இருந்து ஒவ்வொரு தட்டுக்கும் ‘விடுங்க சித்தப்பா, விடுங்க சித்தப்பா’. நாளெல்லாம் சொல்வான். அலுத்துக்க மாட்டான். அன்னைக்கு மட்டும் வெறும் ‘விடு’. ‘ங்க’வும் இல்ல, சித்தப்பாவும் இல்ல. எலும்பைக் கவ்வின நாய்கிட்ட சொல்ற மாதிரி."

"இருந்தும் தட்டை விட்டீங்க."

"வேலை வேற, கோபம் வேற. விட்டேன். அடுத்த தட்டு வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கலாம்னு இருந்தேன். அடுத்த தட்டு வரவே இல்ல."

"போலீஸ்ல இதைச் சொன்னீங்களா?"

"என்ன கேட்டுச்சுன்னாங்க. ‘விடு’ன்னு கேட்டுச்சுன்னேன். எழுதிக்கிட்டாங்க. வீட்டுப் பையன் மரியாதை கெட்டுப் போனதையா ஸ்டேஷன்ல சொல்லிட்டு வருவேன்?"

தராசு சுவரிலிருந்த வாக்கி டாக்கியைப் பார்த்தார். "குரல் அவரோடதுதானா?"

"அதுக்குள்ள வந்தா எல்லாக் குரலும் தகரத்துல மணல் கொட்டற மாதிரிதான். ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது. இது மூணுதான் இருக்கு. இங்க ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு, பாப்பாகிட்ட ஒண்ணு."

"பாப்பான்னா?"

"அதான் எல்லாரும் அக்கா அக்காங்கறீங்களே. அது பாவாடை கட்டின வயசுல இருந்து என்னை ‘வாங்க போங்க’தான். அது அப்படிப் பேசாது."

அவர்கள் படியேறும்போது கிழவர் பின்னாலிருந்து கேட்டார். "அவன் மன்னிப்பு கேக்கறானா?"

"கேக்கச் சொல்றோம்," என்றான் மச்சான்.

வெளியே வந்து தராசு புல்லில் நின்றார். மச்சான் பேசத் தொடங்கினான்.

"அவசரத்துல ‘ங்க’ விழுந்துடுச்சு. இதுக்குப் போய் இந்த மனுஷன்..."

"நீ கால் இடறி விழுந்தா என்ன சொல்வே?"

"‘அம்மா’ம்பேன்."

"யோசிச்சா சொல்வே? பழகின வாய் யோசிக்காது. அவசரத்துல இன்னும் யோசிக்காது. சித்தப்பாகிட்ட பேசினா ‘ங்க’ தானா வரும். வரலைன்னா?"

"சித்தப்பாகிட்ட பேசல."

"வேற யார்கிட்டயோ பேசினது அவர் காதுல விழுந்திருக்கு. இந்தப் பெட்டியில பொத்தானை அமுக்கிப் பிடிச்சிருந்தா போதும். யார்கிட்ட என்ன பேசினாலும் அந்தக் குழிக்குப் போகும்."

மச்சான் நின்றான். "‘விடு’ன்னா தட்டை விடுன்னுதானா? ‘சரி விடு, பார்த்துக்கலாம்’. ‘வழியை விடு’. ‘ஆளை விடு’..."

"மேல சொல்லு."

"‘கையை விடு’."

"தம்பி யார்கிட்டயோ சொல்லியிருக்கார்னு வை. கோட்டுல இன்னொரு பெட்டியோட அவர் பக்கத்துல நின்னது அக்கா மட்டும்தான்னு சாட்சிங்க சொல்றாங்க. உன் அக்கா உன்னைப் பிடிச்சுக்கிட்டா நீ என்ன சொல்வே?"

"‘விடுக்கா’ம்பேன். ‘அக்கா’ போடாம சொன்னா கன்னம் பழுத்துடும்."

"நீ அவளைப் பிடிச்சுக்கிட்டா?"

"நானா? எதுக்கு அவளைப் பிடிக்கப் போறேன்? பிடிச்சா ‘விடு’ம்பா. அவ என்னைப் பார்த்து என்னைக்கு ‘ங்க’..."

மச்சான் நிறுத்தினான். அலுவலகத்தின் ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்," என்றான் குரலைத் தாழ்த்தி. "நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதானே?"

"கண்ணை நோண்டற கதையைத் தேடச் சொன்னதும் அவங்கதான். வா."

அலுவலகத்தில் தம்பி கொடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வக்கீல் ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். தராசு கதவைச் சாத்தினார்.

"சுட்டவர் ‘விடு’ன்னு சொல்லல," என்றார்.

"கிழவன் என்ன உளறினான்?" என்றார் அக்கா.

சித்தப்பா என்று சொல்லவில்லை. தராசு அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பள்ளத்து அறையில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

வக்கீல் சிரித்தார். "ஒரு ‘ங்க’வை வச்சு ஆளை வெளிய கொண்டு வரப் போறீங்களா? கோர்ட்டே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சித்தப்பா சிரிக்க மாட்டார். கூண்டுல ஏறி நின்னு தன் மரியாதை போன கதையைச் சொல்வார். கேக்கறவங்களும் யார் வீட்டுலயோ ஒரு சித்தப்பாவா, மாமாவா இருப்பாங்க."

வக்கீலின் சிரிப்பு நின்றது. "உங்களைக் கூப்பிட்டது நான்."

"கண்டுபிடிக்கத்தானே சார் கூப்பிட்டீங்க?" என்றான் மச்சான்.

தராசு தம்பியின் பக்கம் திரும்பினார். "‘விடு’ன்னு சொன்னது நான்தான்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. புதர்கிட்ட குந்தற ஆள் நீங்க நின்ன இடத்துல இருந்து நல்லாத் தெரியுது. சுட்டவர் சொல்லாமலே, முன்னாடி ஆள் இருக்கறது தெரிஞ்சே, நீங்க தட்டை விடச் சொல்லியிருக்கீங்க. அப்ப அவரு வெளிய வருவார். நீங்க உள்ள போவீங்க."

சொல்லும்போது அவர் தம்பியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தம்பியை உள்ளே அனுப்புவதை எந்த அக்காவும் பொறுக்கமாட்டாள் என்பது அவர் போட்ட கணக்கு. இப்போது வாயைத் திறப்பார்.

அக்கா வாயைத் திறந்தார்.

"அவன்தான் சொன்னான்," என்றார். "நான் மறைச்சு என்ன பிரயோஜனம்? அவசரப்பட்டுட்டான். சின்ன வயசுல இருந்தே எதையும் பார்த்துச் செய்ய மாட்டான். சார், அவன் தனியா செஞ்ச தப்புக்கு மைதானம் பொறுப்பாகுமா?"

கேள்வி வக்கீலுக்கு. வக்கீல் ஆரஞ்சுத் தோலைச் சுற்றுவதை நிறுத்தினார்.

தராசு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கணக்கு தப்பியிருந்தது. மச்சான் அவரைப் பார்த்தான்.

"அக்கா," என்றார் தம்பி.

"நீ பேசாம இரு. சார் பார்த்துப்பார்."

"நான் உன் கையை எதுக்குப் பிடிச்சேன்னு இவங்ககிட்ட சொல்லட்டுமா?"



"தம்பி, யோசிச்சுப் பேசுங்க," என்றார் வக்கீல்.

"யோசிச்சுட்டேன் சார். அன்னையில இருந்து அதைத்தான் செய்யறேன்." தம்பி யாரையும் பார்க்காமல் பேசினார். "கம்பெனி முதலாளி அடுத்த முறை வேற மைதானம் பார்க்கலாமான்னு முணுமுணுத்துட்டு இருந்தார். கோட்டைத் தாண்டிக் குழந்தைங்க ஓடுச்சுன்னு காலையில நான் கொடியைத் தூக்கிட்டே இருந்தேன். எல்லாம் நின்னு நின்னு போச்சு. இனிமே என்னைக் கேக்காம கொடியைத் தூக்காதேன்னு அக்கா சொல்லிட்டா. மத்தியானம் அந்த ஆள் புதர்கிட்ட குந்தினதைப் பார்த்தேன். ஓடிப் போய் அக்கா கையைப் பிடிச்சேன். ‘முன்னாடி ஆளு’ன்னேன். அவ கையில இந்தப் பெட்டி இருந்துச்சு. எதையோ சொல்ல அமுக்கியிருந்தா. கையை உதறிக்கிட்டு ‘விடு’ன்னா. அவ வாயில இருந்தும் கேட்டுச்சு. என் இடுப்புல இருந்தும் கேட்டுச்சு. நான் திரும்பறதுக்குள்ள தட்டு மேல போயிடுச்சு."

"பொய்," என்றார் அக்கா. "உன்னை வளர்த்தேன்டா நான்."

"ஆமா. வளர்த்தே. அதான் நான்தான் சொன்னேன்னு சொன்னேன். நீ இல்லேம்பேன்னு நெனச்சேன்."

தராசு தலையை அசைத்தார். மச்சான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் இன்ஸ்பெக்டரிடம் பேசுவதும், கைகளை ஆட்டுவதும் தெரிந்தது. லாக்கப்பில் இருப்பவருக்கு இன்றிரவு வீடு கிடைக்கும் போலிருந்தது.

வக்கீல் காகிதப் பொட்டலத்தைக் குப்பைக் கூடையில் போட்டார். கையைத் துடைத்தார். "முன்னாடி ஆள் இருக்குன்னு சொல்லியும் கேக்கல," என்றார், தனக்குத்தானே சொல்வது போல். "எந்தக் கையெழுத்தும் இதுக்கு நிக்காது." பிறகு அக்காவிடம்: "இனிமே நான் சொல்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

தம்பி கொடியை மேஜைமேல் வைத்தார்.

"இது என் கையிலதான் சார் இருந்துச்சு. தூக்கியிருந்தா போதும். எல்லாம் நின்னிருக்கும். கேட்டுட்டுத் தூக்கலாம்னு போனேன்." நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். "என்னை மாதிரி ஆளுக்கு என்ன கிடைக்கும் சார்? பார்த்தும் தூக்காம நின்னவனுக்கு?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க தம்பி."

"ஏன் சார்?"

"நான் உங்க அக்காவோட வக்கீல்."

தம்பிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அக்காவைப் பார்த்தார்.

அவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்த அக்கா, வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.